டெபாசிட் போனாலும் கணக்கு உண்டு

"டெபாசிட்டே போச்சுங்க சார். இன்னும் என்ன கணக்கு?"

வாக்கு எண்ணிக்கை முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு சுயேச்சை வேட்பாளர் போனில் என்னிடம் கேட்டது இது. கோத்தகிரி பக்கத்துக்காரர். நான் அப்போது குன்னூர் சட்டமன்றத் தொகுதியில், வேட்பாளர்களின் தேர்தல் செலவைப் பார்க்கும் கணக்குக் குழுவில் இருந்தேன். கணக்கு சரிபார்க்கும் கூட்டத்துக்கு வரச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். ஓட்டும் விழாமல், கட்டிய 10,000 ரூபாயும் திரும்பாமல் உட்கார்ந்திருப்பவரிடம் பில் எங்கே என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் இழந்தவர் என்று சட்டம் ஆள் பார்ப்பதில்லை. மனுவை வாபஸ் வாங்காமல் களத்தில் நின்ற அத்தனை பேரும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதில் 77ஆம் பிரிவு, வேட்பு மனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளையும் சேர்த்து, செய்த செலவுக்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறது. 78ஆம் பிரிவு, முடிவு வந்த 30 நாளுக்குள் அதை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. கொடுக்காமல் விட்டால் 10ஏ பிரிவு: மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. 2024 மக்களவைத் தேர்தல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது. அப்போது கெடு ஜூலை 4.

மாவட்டத் தேர்தல் அலுவலர் என்பது வேறு யாரும் இல்லை, கலெக்டர்தான். நீலகிரியைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊட்டி, கூடலூர், குன்னூர் மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மக்களவைத் தொகுதி என்றால் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், அவிநாசி திருப்பூர் மாவட்டம், பவானிசாகர் ஈரோடு மாவட்டம். ஒரே வேட்பாளர், நான்கு மாவட்டம். அவிநாசியில் போட்ட பந்தலுக்கும் பவானிசாகரில் ஓடிய வண்டிக்கும் அந்தந்த மாவட்டத்து ஆட்கள் குறிப்பு எழுதுவார்கள். கடைசியில் எல்லாம் ஊட்டிக்கு ஏறி வந்து ஒரே கணக்காகச் சேர வேண்டும். கொடைக்கானலில் கதை தலைகீழ்: அந்த ஊர் பழனி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது, மாவட்டத் தலைநகரம் திண்டுக்கல். அங்கே வேட்பாளர் பில்லைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும்.

உச்சவரம்பு எவ்வளவு? தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். 2022 ஜனவரியில் உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் பதவிக்குப் பதவி தனி வரம்பு வைத்திருக்கிறது. அதை இங்கே எடுக்கவில்லை.

அதிகாரிகளின் வேலை, வேட்பாளர் கொண்டுவரும் நோட்டை வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேட்பாளர் எழுதுவது ஒரு கணக்கு. அதே வேட்பாளருக்கு அதிகாரிகள் தனியாக எழுதுவது இன்னொரு கணக்கு. இரண்டாவதுக்கு நிழல் பதிவேடு என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வேட்பாளருக்கு மனு தாக்கல் சமயத்திலேயே ஒரு பதிவேடு கொடுத்துவிடுவோம். வெள்ளைத் தாள் பகுதி அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக் கணக்குக்கு. மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். எல்லாச் செலவும் அதன் வழியாகத்தான். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுக்கச் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஜீப் வாடகைக்காரரும் மைக் செட்காரரும் கையில் காசு கேட்கும் ஊரில் இந்த ஒரு விதியில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள்.

நிழல் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், சாயங்காலம் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ கண்காணிப்புக் குழு ஒரு கேமராவோடு முன்கூட்டியே போய்விடும். கேமராக்காரர் தலைவரின் முகத்தை எடுப்பதைவிட நாற்காலியைத்தான் அதிகம் எடுப்பார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பி, மேடையின் நீள அகலம், பந்தல், டியூப் லைட், ஸ்பீக்கர் பெட்டி, ஜெனரேட்டர், கொடி, வந்து நிற்கும் வண்டிகளின் நம்பர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே பதிவு செய்வார். மறுநாள் வீடியோ பார்வையிடும் குழு அதை ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணும். எண்ணி எங்களுக்கு அனுப்புவார்கள். நாற்காலி 300 என்று வந்தால், மாவட்ட விலைப் பட்டியலில் நாற்காலிக்கு என்ன வாடகையோ அதால் பெருக்கி நிழல் பதிவேட்டில் ஏற்றுவோம். வேட்பாளர் வெள்ளைத் தாளில் 70 என்று எழுதியிருப்பார்.

அந்த விலைப் பட்டியலை அதிகாரிகள் தம் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. கலெக்டர் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். டீ, வடை, பிரியாணி, மாலை, பொன்னாடை, பட்டாசு, ஜீப், ஃப்ளெக்ஸ், மண்டபம் என்று பட்டியல் நீளும். மலையில் ஒரு வண்டி வாடகை சமவெளி விலைக்குக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விலையைக் குறைக்கச் சொல்லி அந்தக் கூட்டத்தில் எல்லாக் கட்சியும் ஒன்று சேர்ந்துவிடும். அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

நோட்டீஸ் விஷயத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 127ஏ பிரிவின்படி துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அச்சகம் வெளியிடுபவரிடம் உறுதிமொழி வாங்கி, அச்சிட்டதன் பிரதியோடு கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சகத்துத் தாளில் 10,000 பிரதி, வேட்பாளர் நோட்டில் 2,000 பிரதி என்றால் மிச்சத்தை யார் கணக்கில் எழுதுவது? மனு போடுவதற்கு முன்பே அடித்து வைத்த நோட்டீஸ் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் செல்லாது. எப்போது வாங்கினாலும், மனுவுக்குப் பிறகு பயன்படுத்தினால் அது கணக்கில் வரும்.

ஊர்க்காரர்களே டீ போட்டுக் கொடுத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள் என்பதும் அடிக்கடி வரும் பதில். விருந்தோம்பல் எங்கே முடிகிறது, செலவு எங்கே ஆரம்பிக்கிறது என்பது எங்கள் ஊர்களில் சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது அல்ல. வேட்பாளரின் சம்மதத்தோடு அவருக்காக மற்றவர் செய்யும் செலவும் அவர் செலவுதான் என்பது பொது விதி. ஆரத்தித் தட்டில் நோட்டு விழுந்தால் அது செலவுக் கணக்கோடு நிற்காது. வாக்காளருக்கு லஞ்சம் என்று வழக்காகப் போகும்.

கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் வந்து போகும் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. ஆனால் வேட்பாளர் அவரோடு ஒரே மேடையில் ஏறினால் அந்தக் கூட்டச் செலவில் பங்கு வரும். சோதனைக்கு நட்சத்திரமும் விலக்கு அல்ல. 2024 ஏப்ரலில் ராகுல் காந்தி வந்த ஹெலிகாப்டரைப் பறக்கும் படையினர் நீலகிரி மாவட்டத்துத் தாளூரில் ஏறிச் சோதித்தார்கள். அதே தேர்தலில், ஒரு வேட்பாளரின் காரை ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று இதே மாவட்டத்தில் பறக்கும் படை அலுவலர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பார்த்தாலும் திட்டு, பார்க்காவிட்டாலும் நடவடிக்கை.

பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை வேட்பாளரோ அவர் முகவரோ பதிவேட்டைக் கொண்டுவந்து செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். இவர் வெளியிலிருந்து தேர்தல் ஆணையம் அனுப்பும் அதிகாரி, பெரும்பாலும் வருமான வரித்துறை போன்ற துறைக்காரர். நிழல் பதிவேட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் தருவார். 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்து, அந்தத் தொகை அவர் செலவில் சேர்ந்துவிடும். பதிவேட்டையே காட்டாமல் போக்குக் காட்டினால் பிரசார வண்டி அனுமதி ரத்தாகும், வழக்கும் வரும்.

இங்கே வேட்பாளர் அல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என்று மலைக்கு ஏறும் வழியெல்லாம் அந்த நாட்களில் நிலைக் கண்காணிப்புக் குழு நிற்கும். வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பிடிக்கச் சொல்கிறது ஆணையத்தின் நடைமுறை. நடப்பில் மாட்டிக்கொள்வது மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் போட்டுவிட்டுப் பணத்தோடு திரும்பும் விவசாயி. மண்டிச் சீட்டு, வங்கியில் எடுத்த ரசீது, கல்யாணச் செலவு என்றால் பத்திரிகை, ஏதாவது ஒரு தாள் கையில் இருக்கட்டும். அப்படியும் பிடித்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் அவர்கள் எழுதித் தர வேண்டும். மூன்று அதிகாரிகள் கொண்ட குழு கலெக்டர் ஆபீஸில் இருக்கும். தேர்தல் சம்பந்தம் இல்லாத பணம் என்று தெரிந்தால் திருப்பித் தர உத்தரவிடும். வழக்குப் பதியாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. வியாபாரிகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் ஆச்சரியத்தைப் பார்த்தால், பிடிக்கிற இடத்தில் நாங்கள் சரியாகச் சொல்வதில்லை என்றுதான் தோன்றுகிறது.

சரி, முடிவு வந்த பிறகு. 26ஆம் நாள் கலெக்டர் கணக்கு சரிபார்ப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். வித்தியாசங்களை வேட்பாளரோ முகவரோ உட்கார்ந்து பேசித் தீர்க்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இது. விட்டுப்போன நாற்காலியை இங்கே ஒப்புக்கொண்டு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் 30 நாளுக்குள் முழுக் கணக்கு: பதிவேடு, சுருக்க அறிக்கை, தேதி வாரியாக அடுக்கி வரிசை எண் போட்ட பில்கள், வங்கி அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம். வாங்கும் அலுவலர் ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும்.

நம் கோத்தகிரிக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரு வர்க்கி டப்பாவோடு வந்து நின்றார். உள்ளே கசங்கிய பில்கள்: பெட்ரோல், டீக்கடை, ஆட்டோ, ஒரு சால்வை. மேஜையில் பரப்பி, தேதி பார்த்து அடுக்கி, நம்பர் போட வைத்தோம். கூட்டிப் பார்த்தால் உச்சவரம்பின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அந்த டப்பா வராமல் இருந்திருந்தால் மூன்று வருஷம் போயிருக்கும். தகுதி இழப்பவர்களில் அதிகம் செலவழித்துப் பிடிபட்டவர்கள் அபூர்வம். கணக்கே கொடுக்காமல் விட்ட சின்ன வேட்பாளர்கள்தான் ஏராளம். எனக்கு இது உறுத்தலான விஷயம்தான். பெரிய வேட்பாளருக்கு ஆடிட்டர் இருக்கிறார்.

தகுதி நீக்கம் செய்வது கலெக்டர் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 89ஆம் விதி அவருக்குக் கொடுப்பது அறிக்கை எழுதும் வேலை: யார் கொடுத்தார், எந்தத் தேதியில், கெடுவுக்குள்ளா, உரிய முறையிலா. இதில் தன் கருத்தையும் எழுதித் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பி, ஒரு நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். குறை இருந்தால் ஆணையம் வேட்பாளரிடம் விளக்கம் கேட்கும். பதிலுக்கு 20 நாள். அந்தப் பதிலின் நகல் வந்த ஐந்து நாளில் கலெக்டர் தன் குறிப்போடு அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு டெல்லியில். கொடுத்த கணக்கு உண்மையா பொய்யா என்றும் ஆணையம் விசாரிக்கலாம் என்று மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. அதனால்தான் நிழல் பதிவேட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் எங்களுக்கு உதறல்.

இதில் பொதுமக்களுக்கு உள்ள பங்கு பலருக்குத் தெரியாது. கணக்கு வந்த இரண்டு நாளுக்குள் கலெக்டர் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும்: யார் கொடுத்தார், எந்த நாள், எந்த இடத்தில் எந்த நேரத்தில் அதைப் பார்க்கலாம். அது 87ஆம் விதி. 88ஆம் விதிப்படி யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டிப் பார்க்கலாம். நீங்கள் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தனிக் கட்டணத்துக்குச் சான்றளித்த நகலும் கிடைக்கும்.

போனால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் ஊரில் கூட்டம் நடந்த தேதியை நினைவில் வைத்துக்கொண்டு போய், பொதுக்கூட்டச் செலவுப் பக்கத்தைப் புரட்டி அந்தத் தேதிக்கு வாருங்கள். எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அன்று உட்கார இடம் கிடைக்காமல் பின்னால் நின்றிருந்தால் இன்னும் நல்லது.