ப்ரீஃபார்ம் அச்சின் கேட்டில் ட்ரில் வைக்காதீர்கள்

பழுதுபார்ப்புக்காக அண்மையில் என்னிடம் வந்த எட்டு கேவிட்டி (வார்ப்புக் குழி) கொண்ட ஜார் ப்ரீஃபார்ம் (ஊதி ஜாராக்கப்படும் முன்வடிவம்) அச்சு ஒன்றைப் பிரித்தபோது, அதன் கேட்களில், அதாவது உருகிய பிளாஸ்டிக் குழிக்குள் நுழையும் துளைகளில், மூன்று ட்ரில் போட்டு அகலப்படுத்தப்பட்டிருந்தன. வரைபடத்தில் 3 மி.மீ. என்றிருந்த துளை, அளந்து பார்த்தால் 3.6 மி.மீ. இருந்தது. காரணம் கேட்டேன். அந்த மூன்று கேவிட்டிகளில் மட்டும் ப்ரீஃபார்மின் அடி வெள்ளையாக வந்ததாம். முதலில், பிளாஸ்டிக்கைக் கேட்டுக்குக் கொண்டுவரும் சூடான குழாய்முனையான நாசிலின் வெப்பத்தைக் கூட்டினார்களாம், அதற்கும் சரியாகாததால் "பிளாஸ்டிக் இறங்குவதற்கு வழி போதவில்லை" என்று முடிவுகட்டித் துளையைப் பெரிதாக்கினார்களாம். இதே கதையை வெவ்வேறு வாய்களில் இத்தனை முறை கேட்ட பிறகு, எழுதியே தீரவேண்டும் என்று தோன்றிவிட்டது.

எல்லாக் குழிகளுக்கும் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து நாசில், நாசிலிலிருந்து அதன் நுனியான டிப், டிப்பிலிருந்து கேட் என்று உருகிய பெட் (PET) பிளாஸ்டிக் செல்லும் பாதையை இந்தத் தொழிலில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதையின் முடிவில் என்ன நடக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸில் இருக்கும் நாசில். சில மில்லிமீட்டர் தள்ளி, 10 டிகிரியை ஒட்டிய குளிர்நீர் ஓடும் கேட் இன்செர்ட் என்னும் செருகுத் துண்டு. இந்த இரண்டும் சந்திக்கும் இடமே கேட். துளையை மூடித் திறக்கும் வால்வ் பின் என்னும் ஊசி பின்வாங்கும்போது பெட் தடையின்றிப் பாய வேண்டும், ஊசி மூடிய மறுகணமே அங்கே குளிர்ந்து உறைய வேண்டும் என்று ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை அந்தச் சிறு துளையிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இப்போது வெண்மைக்கு வருகிறேன். "அடி வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டிக் சரியாக உருகவில்லை, வெப்பத்தைக் கூட்டு" என்பதுதான் என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை. இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ ஒழிந்திருக்கும். சில வேளைகளில் இது வேலைசெய்துவிடுவதுதான் சிக்கல். அச்சு திறந்திருக்கும் நேரத்தில் டிப்பின் நுனி அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அங்கே ஒரு துளி பெட் இறுகி, படிகமாகி நிற்கும். அடுத்த ஷாட்டில், அதாவது அடுத்த முறை பிளாஸ்டிக் செலுத்தப்படும்போது, அந்தத் துளி அப்படியே கேவிட்டிக்குள் தள்ளப்படும். இந்த வகை வெண்மை வால் முளைத்த புள்ளியைப் போல, மையத்தை விட்டு விலகி, சில வேளை சுவரின் மேல் ஏறிக்கூட இருக்கும். ஒரு ஷாட்டில் தோன்றும், அடுத்ததில் மறையும், எந்திரம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கும்போது அதிகமாகும். இதற்கு டிப்பின் வெப்பத்தைச் சற்றுக் கூட்டுவது சரியான மருந்துதான்.

ஆனால் கேட்டின் மையத்தைச் சுற்றி வளையமாக, ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே கேவிட்டியில், ஒரே இடத்தில் வரும் வெண்மை இதற்கு நேர் எதிரானது. பெட் 170 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைகளில்தான் மிக வேகமாகப் படிகமாகிறது. அந்த எல்லையை விரைந்து கடந்து 80 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், தயங்கித் தயங்கி இறங்கினால் பாலாகிவிடும். கேவிட்டிக்குள் போகும் பெட் முழுவதும் கேட் வழியாகத்தான் போகிறது. குழி நிரம்பிய பிறகும் தொடரும் ஹோல்டிங் பிரஷரில் கடைசியாக நுழையும் சூடான பெட்டும் அங்கேதான் தங்குகிறது. வாய் அகன்ற ஜார் ப்ரீஃபார்ம் குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதாலும், சுவர் 4 மி.மீ.-ஐ நெருங்கும்போது உள்ளே இருக்கும் சூடு வெளியேற நெடுநேரம் பிடிப்பதாலும், ஹோல்டிங் நேரமும் நீள்கிறது. ஆக, ப்ரீஃபார்மின் மற்ற பகுதிகள் குளிர்ந்த பிறகும் சூடாக இருக்கும் இடம் கேட். அங்கே வெப்பத்தைக் கூட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். அதோடு அசிட்டால்டிஹைடு (பெட் சிதையும்போது உண்டாகும் வேதிப்பொருள்) கூடும், ஐ.வி. (பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளத்தைக் காட்டும் அளவு) குறையும், ஐ.வி. குறைந்த பெட் இன்னும் எளிதாகப் படிகமாகும்.

எல்லாக் கேவிட்டிகளிலும் ஒரே மாதிரி மங்கல் தெரிந்தால் கேட்டையே பார்க்காதீர்கள், பெட் குருணையை உலர்த்தும் டிரையரைப் பாருங்கள். 160 முதல் 175 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, ஈரம் 50 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இறங்கியிருக்க வேண்டும். (ஊதிய பிறகு தோன்றும் முத்துப்போன்ற வெண்மை, ப்ரீஃபார்ம் குளிர்ந்த நிலையில் மிகையாக இழுக்கப்படுவதால் வருவது. அந்தப் பழியையும் அச்சின் தலையில் போடுபவர்கள் உண்டு.)

நான் பிரித்த அச்சில் உண்மையில் என்ன நடந்திருந்தது என்றால், அந்த மூன்று கேட் இன்செர்ட்களின் குளிர்நீர்ப் பாதையில் உப்பு படிந்து பாதி அடைத்திருந்தது. ட்ரில்லை விட மலிவான வேலை, ஒரு கழுவல்.

துளையைப் பெரிதாக்கியதால் விளைந்ததையும் சொல்லிவிடுகிறேன். விட்டம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரே நீளமுள்ள துளையில் ஓட்டத்துக்கான தடை விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், அந்தக் கேட்டின் தடை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. எட்டும் ஒரே நேரத்தில் நிரம்ப வேண்டும் என்று சமமாகப் பிரிக்கப்பட்ட மேனிஃபோல்டில், மூன்று மட்டும் முந்திக்கொண்டு நிரம்பி மிகையாக அழுத்தம் வாங்கும், மற்றவை காத்திருக்கும். 3 மி.மீ. வால்வ் பின் 3.6 மி.மீ. துளையை மூடாது; சுற்றிலும் விளிம்பு நீட்டும், மையத்தில் நீண்ட முளை மிஞ்சும். ஊதும்போது ப்ரீஃபார்மை உள்ளிருந்து நீட்டும் ஸ்ட்ரெட்ச் ராட் அந்த முளை மீது சறுக்கினால் அடி மையம் விலகி, ஒரு பக்கம் மெலியும். ஜாரின் அடிமையம் ஏற்கெனவே மிகக் குறைவாக இழுபடும் பகுதி. நொறுங்கும் தன்மையுள்ள வெள்ளை வளையமும் அங்கே சேர்ந்தால் கீழே விழும் ஜார் அங்கிருந்துதான் பிளக்கும்.

ஆகவே, எதையும் திருகுவதற்கு முன் தொடர்ந்து ஐந்து ஷாட்களை எடுத்துக் கேவிட்டி எண்படி அடுக்கி வையுங்கள். வெண்மை இடம் மாறுகிறதா, நிற்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். ஒரே கேவிட்டியில் நின்றால் அதன் நீரோட்டத்தை அளவிடுங்கள், பிறகு ஹீட்டரையும் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளையும் பாருங்கள். இரண்டு சூடேற்று மண்டலங்களின் தெர்மோகப்பிள் வயர்கள் மாறிப் பூட்டப்பட்டு, திரையில் எல்லாம் சரியாகத் தெரிய, ஒரு டிப் வெந்தும் ஒரு டிப் உறைந்தும் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். மேனிஃபோல்ட் முழுவதும் சமமாகச் சூடேறும்வரை வால்வ் பின்னை இயக்காதீர்கள். உறைந்த பெட்டில் சிக்கிய ஊசி வளையும். கேட்டைச் சுத்தம் செய்யப் பித்தளைக் கருவி மட்டும். எஃகுக் கம்பியை அங்கே பார்த்தால் நான் கோபப்படுவேன். உள்ளே அழுத்தம் இருக்கும்போது முகத்தை நாசிலுக்கு நேரே கொண்டுபோகவே போகாதீர்கள். துளை உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இன்செர்ட்டை மாற்றுங்கள், அதுவும் எட்டையும் அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகு. அதற்குள் ட்ரில் எடுக்கத் தோன்றினால், தயவுசெய்து அந்த ஐந்து ஷாட்களையும் ஒரு பையில் போட்டு அச்சு செய்தவரிடம் முதலில் காட்டுங்கள்.