ஈரம் பின்னால், ஓட்டை முன்னால்

பின்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டை ஒரு விரலால் அழுத்தினேன். விரலைச் சுற்றித் தண்ணீர் பொங்கி வந்தது.

"அண்ணே, பின்கதவு ரப்பர் மாத்தியாச்சு. பின்கண்ணாடி ஓரத்துல ரெண்டு தடவை சிலிகானும் வெச்சாச்சு. இன்னும் மழை பெஞ்சா தண்ணி நிக்குது" என்றார் வண்டிக்காரத் தம்பி. சிங்கப்பூரில் பத்து வருடம் முடிந்து, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். அவ்வப்போது உட்லண்ட்ஸ் எல்லை தாண்டிப் போய், மலேசியாவின் ஜோகூர்ச் செம்பனைத் தோட்டப் பாதைகளில் சேறும் ஓடையுமாக ஓட்டுகிறார். செலவழித்த பணத்தைவிட, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வண்டிக்குள் வரும் நாற்றம்தான் அவரை வாட்டியது. சின்னக் குழந்தை உட்காரும் இடம் அது.

இப்படி வருகிற வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்றுதான். ஈரம் தெரியும் இடத்திலேயே ஓட்டையைத் தேடுகிறார்கள். தண்ணீர் ஒரு இடத்தில் நுழையும், ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும், கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு மெத்தைக்குள் ஊர்ந்து, எங்கே பள்ளமோ அங்கே போய்த் தேங்கும். வழியைக் கண்டுபிடிக்காமல் பசை பூசினால் அடுத்த மழையில் மறுபடி அதே கதைதான்.

முதலில் என்ன தண்ணீர் என்று பாருங்கள். மழையே இல்லாத வாரத்திலும் முன்சீட்டுக் காலடி நனைகிறதா? நிறமும் வாசனையும் இல்லையா? அது ஏர்கான் தண்ணீராக இருக்கலாம். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். ஏர்கானைப் போட்டு இருபது நிமிடம் வண்டியை நிறுத்தி வையுங்கள். வண்டிக்கு அடியில் தரையில் சொட்டிய தடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே திரும்புகிறது. கையில் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது ரேடியேட்டர் கூலண்ட். அதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், எஞ்சின் சூடேறிப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். மழையோடு வந்து மழையோடு போவதுதான் வண்டியின் உடம்பில் இருக்கும் கசிவு.

தம்பியின் வண்டியில் வந்தது மழைத்தண்ணீர்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டுகளை எடுத்தோம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் ஒயர். வீட்டில் செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கார்ப்பெட்டைப் புரட்டினால் அடியிலுள்ள மெத்தை குளிப்பாட்டிய நாய்க்குட்டி போலக் கனத்தது. ஒரு கனெக்டரைத் திறந்தேன். செம்பு ஊசிகளில் பச்சைப் பூசணம் போல உப்பு படிந்திருந்தது. கார் நாறுவதோடு போவதில்லை. பின்விளக்கு விட்டுவிட்டு எரிவது, கதவுப்பூட்டு தானாகப் பூட்டிக்கொள்வது எல்லாம் இந்தப் பச்சையில்தான் தொடங்கும்.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்த பிறகே தண்ணீர்ச் சோதனை. தோட்டத்து ஹோஸ் போதும், முனையில் ஒன்றும் மாட்ட வேண்டாம். வேகமாக அடித்தால் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் புகுந்துவிடும், நாம் ஏமாந்து போவோம். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஊற்றினால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று சொல்ல முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு, வெளியே ஒருவர் ஹோஸோடு. ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடமாவது பொறுங்கள்.

பின்கதவின் அடி, ஓரம், கண்ணாடி, கூரைத் தகட்டின் இணைப்பு என்று முக்கால் மணி நேரம் போனது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சரி, முன்பக்கம் வந்தோம். முன்கண்ணாடியிலும் ஒன்றுமில்லை. இடப்பக்க முன்கண்ணாடித் தூணில் ஸ்நார்க்கல் குழாயைப் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) பிடித்திருக்கும் தகட்டின் மேல் ஹோஸை வைத்தேன். நாலாவது நிமிடம் உள்ளே டார்ச்சோடு இருந்த பட்டறைப் பையன் கத்தினான். தூணின் அடியில் கழற்றியிருந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால், கறுப்பு ஒயர் கட்டின் மேல் ஒரு துளி உருண்டு வந்து, டேப் சுற்றிய இடத்தில் ஒரு கணம் தயங்கி, வாசற்படி ஓரமாக ஓடும் ஒயர் தடத்தில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

யாரோ ஸ்நார்க்கல் மாட்டும்போது தூணில் துளை போட்டு, பசை வைக்காமலே திருகியிருக்கிறார்கள். அது மட்டும் என்றால் தூணுக்குள் இறங்கும் தண்ணீர், கதவுக்கு அடியிலுள்ள தகட்டுக் கூட்டின் வடிதுளை வழியே தரைக்குப் போயிருக்கும். அந்தத் துளைகளில் ஜோகூர்ச் செம்மண் காய்ந்து சிமெண்டாகி இருந்தது. போக வழியில்லாத தண்ணீர் உள்ளே திரும்பியது. தம்பி வண்டி நிறுத்தும் இடம் சரிவானது, மூக்கு மேலே பார்த்து நிற்கும். அதனால் எல்லாம் பின்சீட்டுக்கு ஓடியது.

திருகுகளை எடுத்து, துளைகளின் பிசிறைத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, பாலியூரித்தேன் சீலண்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்து, ரப்பர் வாஷரோடு திரும்ப மாட்டினோம். இது ஒரு மணி நேர வேலை. பின்கண்ணாடியில் பூசியிருந்த சிலிகானைச் சுரண்டி எடுக்கத்தான் அரை நாள் ஆனது. புளித்த வினிகர் வாடை வரும் சிலிகானை வண்டித் தகட்டில் வைக்காதீர்கள். காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், இரும்பு துருப்பிடிக்கும். அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலண்டும் ஒட்டாது.

கூரையில் லக்கேஜ் ராக், லைட் பார், ஏரியல் என்று எதற்காகத் துளை போட்டிருந்தாலும் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போலப் பல தகடுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த வண்டிகளில் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். ஜீப் ராங்ளர் போலக் கூரை கழற்றும் வண்டியில் கூரைத் துண்டுகள் சேருமிடத்து ரப்பரைப் பாருங்கள். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு துண்டுத் தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது.

சன்ரூஃப் பற்றிப் பலருக்குத் தெரியாதது: அதன் ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுப்பதில்லை. சுற்றிலும் ஒரு தட்டு இருக்கும், அதன் மூலைகளிலிருந்து குழாய்கள் தூண் வழியே இறங்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் அந்தச் சின்ன இலைகளே போதும் அடைக்க. அந்தத் தட்டில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வண்டிக்கு வெளியே சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் கம்பியை நிதானமாக விடுங்கள். கம்பிரசர் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும்.

அப்புறம், காயவைப்பது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை. கண்ணாடியை இறக்கிவிட்டால் மெத்தை காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெளியே எடுத்து, ஃபேன் போட்டு, ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து மூன்று நாள் விட்டோம். பின்சீட்டுப் பக்க மெத்தை அழுகியிருந்ததால் புதிதாக வெட்டிப் போட வேண்டியதாயிற்று.

தம்பி உடனே கார்ப்பெட்டைப் போட்டுத் தரச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தகட்டின் மேல் தமிழ் முரசுத் தாள்களை விரித்து, "நல்லா ரெண்டு மூணு மழை பாத்துட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினேன். டிசம்பர் மாதம், மழைக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் வாரம் வந்தார். தாளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். மொடமொடவென்று இருந்தது, எழுத்து எங்கும் கலங்கவில்லை. அன்றைக்குத்தான் கார்ப்பெட்டை மூடினோம்.