பழைய பானை, காலித் தோட்டா, புதுக் காப்பு

தெற்கு சூடானில் வெள்ளை நைல் பாயும் சமவெளியில் மாடு வளர்த்து வாழ்பவர்கள் டிங்கா மக்கள். தங்களை ஜியெங் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கிவிடும் களிமண் பூமி அது. கல்லே அரிது, தாதுக்கல்லுக்கு எங்கே போவது? மேற்கே செம்பாறை மேட்டில் இருந்த போங்கோ, ஜூர் மக்கள் இரும்பு உருக்கினார்கள். அது பண்டமாற்றில் சமவெளிக்கு வந்து ஈட்டியாகவும் வளையாகவும் மாறியது. 1868 முதல் 1871 வரை இந்தப் பக்கம் பயணம் செய்த ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்வைன்ஃபுர்த், வசதியான டிங்கா வீட்டுப் பெண்கள் சிலர் கிட்டத்தட்ட 25 கிலோ இரும்பு நகை அணிந்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

ஆக, உலோகம் எப்போதுமே வெளியிலிருந்துதான் வந்தது. பிற்காலத்தில் அது ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரமாகவும், சுட்டு முடித்த தோட்டா உறையாகவும், செம்புக் கம்பியாகவும் வந்தது. இந்தப் பழைய உலோகத்தில் நகை செய்வதை ஏழ்மையின் கைவேலை என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு பழைய உலோகத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு காப்புகூடச் செய்ய முடியாது.

முதலில் அலுமினியம். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1,085. அலுமினியத்துக்கு 660 போதும். துருத்தி வைத்து ஊதும் கரி உலை அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டிவிடும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்பு காய்ந்தால் சிவந்து, மஞ்சளாகி, எவ்வளவு சூடு என்று நிறத்திலேயே காட்டிவிடும். அலுமினியம் அப்படியல்ல. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் உருகும் நொடி வரை அதே வெள்ளி நிறம்தான், அப்புறம் திடீரென்று சரிந்துவிடும்.

உருகிய பிறகும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் மிதக்கும். அது அலுமினியம் ஆக்சைடு, காற்று பட்ட உடனே உண்டாகிறது. அது உருக 2,072 டிகிரி வேண்டும், எந்தக் கரி உலையாலும் ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு, உள்ளே பளபளக்கும் திரவத்தை மட்டும் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சிலோ போடும் துண்டிலோ ஈரம் இருந்தால் ஆபத்து. தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தைத் தெறிக்க வைக்கும்.

உருக்கும்போது தொல்லை தரும் அதே ஆக்சைடுதான் நகையைக் காப்பாற்றுகிறது. ஆறிய காப்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் படிந்து, வியர்வையும் சதுப்பு நிலத்து ஈரமும் உள்ளே புகாமல் தடுக்கிறது. அதனால் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். முழங்கை வரை அடுக்கிக்கொண்டாலும் கை வலிக்காது.

தோட்டா உறை வேறு கதை. பித்தளை உறை என்றால் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். தெற்கு சூடான் பகுதியில் பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்ததால் காலி உறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாமே பித்தளையல்ல. கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் உறைகள் பெரும்பாலும் எஃகு. மேலே அரக்குப் பூச்சோ மெல்லிய செம்புப் பூச்சோ இருப்பதால் கண் ஏமாந்துவிடும். காந்தம் ஒட்டினால் எஃகு.

பித்தளையை உருக்குவதில் நஷ்டம் உண்டு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும், பித்தளையோ அதற்குச் சற்று மேலேதான் உருகும். அதனால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக வெளியேறும். சுவாசித்தவருக்குக் காய்ச்சல் வரும், மிச்சமுள்ள உலோகமும் சிவந்துபோகும். உருக்காமல், உறையை வெட்டி விரித்துத் தட்டுவது நல்லது. தட்டத் தட்ட உள்ளே படிகங்களின் அடுக்கு குலைந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகும். இன்னும் தட்டினால் விரிசல் விடும். அப்போது மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினால் படிகங்கள் புதிதாக அமைந்து மறுபடி இளகும். கத்தி எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். பித்தளையை அப்படி முக்கினாலும் மெத்தென்றுதான் இருக்கும். இரும்பில் பழகிய கை இதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

செம்புக் கம்பிக்கு நெருப்பே வேண்டாம். மின்கம்பிச் செம்பு மென்மையானது. சுற்றும்போதே இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் தேவையைவிடச் சற்று இறுக்கமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நகைகளின் வயதை உலோகமே ஓரளவு சொல்லிவிடும். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886-இல்தான் வந்தது. எனவே பாத்திர அலுமினியத்தில் செய்த காப்பு ஷ்வைன்ஃபுர்த் காலத்தது அல்ல. பித்தளைக் காப்பை எக்ஸ் கதிர் கொண்டு சோதித்தால் துத்தநாகத்தின் அளவு தெரியும். 30 சதவீதத்தை ஒட்டியிருந்தால் தோட்டா உறையைத் தட்டிச் செய்தது என்று சந்தேகிக்கலாம். அதைவிடக் குறைந்திருந்தால், யாரோ அதை ஒரு முறையேனும் உருக்கியிருக்கக்கூடும்.