நூற்றுப்பத்து நீதிபதிகள் எங்கே அமர்கிறார்கள்?

கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளவில் காலையில் கொஞ்சநேரம் நின்றாலே போதும், "திரும்பவும் தவணையாம்" என்ற பேச்சு காதில் விழும். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த சாட்சி, கூண்டில் ஏறாமலே வீடு திரும்புவார். அன்றைய பட்டியலில் அவருடைய வழக்குக்கு முன்னால் அத்தனை வழக்குகள்.

இந்த நெரிசலைக் குறைக்கத்தான் 2022இல் இலங்கையின் நீதித்துறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மேல் நீதிமன்ற நீதிபதிகளின் ஆகக்கூடிய எண்ணிக்கை 85இலிருந்து 110 ஆனது. தமிழ்நாட்டுச் செய்தி படிப்பவர்கள் குழம்பிவிட வேண்டாம்: அங்கே உயர் நீதிமன்றம் எனப்படுவது ஹைகோர்ட், இங்கே அந்தப் பெயர் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்கு உரியது. கொலை, பாரிய போதைப்பொருள் வழக்கு போன்றவற்றைச் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகையின் பேரில் விளங்குவது நம்முடைய மேல் நீதிமன்றம்.

'ஆகக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் நாற்காலியைத்தான் கூட்டுகிறது. ஆள் வருவது வேறு வேலை. நீதிச்சேவை ஆணைக்குழு சட்டமா அதிபரைக் கலந்தாலோசித்து விதந்துரைக்க, ஜனாதிபதி நியமிக்க வேண்டும். மேல் நீதிமன்ற நீதிபதி 61 வயதில் ஓய்வுபெறுகிறார். அதற்கு முன்பே சிலர் பதவி உயர்ந்து மேலே உள்ள நீதிமன்றங்களுக்குப் போய்விடுகிறார்கள். 2020இல் அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்ணிக்கையை 12இலிருந்து 20 ஆகவும், உயர் நீதிமன்றத்தினதை 11இலிருந்து 17 ஆகவும் உயர்த்தியது. மேல்மாடியில் அறை கூடினால் கீழ்மாடியிலிருந்துதானே ஆள் ஏறுவார்கள்?

இனி, இருக்கிறவர்கள் எல்லோரும் குற்ற வழக்கு விளங்குவதும் இல்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வணிக மேல் நீதிமன்றத்துக்கும் இதே தொகுதியிலிருந்துதான் ஆள் போக வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான குடியியல் மேன்முறையீடுகளை 2006இலிருந்து மாகாண மேல் நீதிமன்றங்கள் கேட்கின்றன. ஒரு மேன்முறையீட்டுக்குக் குறைந்தது இரண்டு நீதிபதிகள். பாரிய நிதி, ஊழல் குற்றங்களை விளங்க 2018இல் வந்த நிரந்தர விசேட மேல் நீதிமன்றத்தில் ஒரே வழக்குக்கு மூவர். ஆகவே 110ஐ வழக்குகளின் தொகையால் வகுத்துப் பார்த்து மகிழ்வதில் பொருள் இல்லை.

உங்களுடையது காணிப் பங்கு வழக்கா, விவாகரத்தா? அது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அங்கே நீதிபதிகளையும், நீதவான் நீதிமன்றத்தில் நீதவான்களையும் நியமிப்பது நேரடியாக நீதிச்சேவை ஆணைக்குழு. மேல் நீதிமன்றத்தில் இடம் கூடியதால் உங்கள் வழக்கு உடனே வேகமெடுக்காது. சில காலம் இழுபடவும் கூடும். பதவி உயர்ந்து போகிறவர்களில் பலர் மாவட்ட நீதிபதிகள். பாதி சாட்சியம் முடிந்த நிலையில் நீதிபதி மாறினால், புதியவர் பதிவான சாட்சியத்தை வைத்துத் தொடரலாம், தேவையென்றால் சாட்சிகளை மீண்டும் அழைக்கலாம் என்கிறது நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. ஏற்கனவே வெளிநாடு போய்விட்ட சாட்சியை எங்கே தேடுவது என்பது வழக்குக்காரரின் தலைவலி.

கொழும்புத் தமிழருக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே நடவடிக்கைகள் சிங்களத்தில் பதிவாகின்றன. புதிய நீதிபதியும் புதிய மன்றமும் வந்தாலும், சுருக்கெழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் இல்லாவிட்டால் தமிழில் சொல்லும் சாட்சியம் அன்று நகராது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வழக்கைத் தமிழில் தொடுக்கலாம், தமிழில் பங்குபற்றலாம். மன்றத்தின் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே தர வேண்டும், அதற்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. ஆனால் கேட்காமல் இருந்துவிட்டால் விளக்கத் தினத்தன்று ஆளைத் தேடி ஓட வேண்டிவரும். சாட்சி தமிழில்தான் பேசுவார் என்பதை முன்கூட்டியே, வழக்கு அழைக்கப்படும் திகதியிலேயே, மன்றத்துக்குச் சொல்லி வழக்கேட்டில் பதிவு செய்யும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.