மறுபடி கதிர்வீச்சு என்றால் காப்பீட்டு அட்டை மட்டும் போதாது

நாக்கு, கன்னம், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்து, ஒருமுறை ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்தவர்களில் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதே இடத்தில் நோய் திரும்பிவிடுகிறது. அப்போது வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். மறுபடியும் கரண்ட் வைக்க முடியுமா? போன தடவை முதலமைச்சர் காப்பீட்டில் பார்த்தோமே, இந்தத் தடவையும் கிடைக்குமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018 இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இந்த வரம்பு ஆண்டுக்கானது. ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி ஒதுக்குவதற்கும் இதில் இடமில்லை. ஆனால், முதல் முறை கிடைத்த அனுமதி இரண்டாம் முறைக்குச் செல்லாது. மருத்துவமனை புதிதாக முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். அதே ஆண்டில் வீட்டில் வேறு யாராவது அறுவை சிகிச்சை செய்திருந்தால் மீதி எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்விதான் கடினம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர் ஏன் தயங்குகிறார் என்பதை வீட்டார் புரிந்துகொள்வது நல்லது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான முழுச் சிகிச்சை சுமார் 66 முதல் 70 கிரே வரை. கிரே என்பது கதிர்வீச்சின் அளவு. வாரம் ஐந்து நாளாக, ஆறரை ஏழு வாரத்தில் அதைக் கொடுத்து முடிப்பார்கள். தோல் ஆறிவிடும், வாய்ப்புண் ஆறிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் தண்டுவடமும் தாடை எலும்பும் கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களும் வாங்கிய கதிர்வீச்சை அப்படி எளிதில் மறப்பதில்லை. தண்டுவடம் தாங்கக்கூடிய அளவு ஏறத்தாழ 45 முதல் 50 கிரே. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது என்றாலும் முழுமையாகத் தேறுவதில்லை. இதன் மேல் இரண்டாம் முறையாகக் கதிர்வீச்சு விழும்போது தாடை எலும்பு செத்துப்போகலாம், வாய் திறக்க முடியாமல் போகலாம், விழுங்குவது நிரந்தரமாகக் கெடலாம். எல்லாவற்றிலும் கொடியது கழுத்து இரத்தக் குழாய் வெடிப்பது. மறு கதிர்வீச்சு பெற்ற 1,554 பேரின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வில் 41 பேருக்கு அது நேர்ந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பொருத்தமான நோயாளிக்கு இரண்டாம் கதிர்வீச்சு உண்மையிலேயே பலன் தருகிறது. முதல் சிகிச்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தால் நிலைமை சற்று நம்பிக்கையானது. திரும்பி வந்த கட்டியை அறுவை செய்து எடுக்க முடிந்திருந்தாலும், மூக்குக் குழாயோ தொண்டைத் துளையோ இல்லாமல் நோயாளி உண்ணவும் மூச்சுவிடவும் முடிந்தாலும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதைப் பரிந்துரைப்பதில்லை. பிரான்சில் 130 பேரிடம் நடந்து 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் மறு கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கழுத்தில் நோய் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் அறுவை மட்டும் செய்தவர்களைவிட மொத்த ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள் கூடின. எனவே, அறுவை செய்து எடுக்க முடியுமா என்பதுதான் முதலில் பார்க்கப்படும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்று பிரிவு மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் இதை வைத்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பழைய கோப்பு. என் சித்தப்பாவுக்கு நாக்கில் நோய் திரும்பியபோது, புதிய மருத்துவர் கேட்ட முதல் பொருள் ஸ்கேன் அல்ல. ‘முன்பு எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கருவியில், எந்தத் தேதியில் முடிந்தது?’ என்றார். எங்களிடம் இருந்தது ‘கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தது’ என்ற ஒற்றை வரி உள்ள டிஸ்சார்ஜ் சீட்டு. முதலில் பார்த்த மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் வேறொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த நாட்களில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

நீங்கள் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிகிச்சை நிறைவு அறிக்கை. மொத்த கிரே, எத்தனை முறை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கோபால்ட் கருவியா லீனியர் ஆக்சிலரேட்டரா, கூடவே கொடுத்த கீமோ மருந்து ஆகியவை அதில் இருக்கும். இன்னொன்று, கணினியில் போட்ட திட்டம். சி.டி. ஸ்கேன் படத்தின் மேல் எந்தெந்த உறுப்பில் எவ்வளவு விழுந்தது என்று வரைந்த அந்தக் கோப்பை ‘டைகாம்’ வடிவில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். இது கையில் இருந்தால் புதிய மருத்துவர் பழைய அளவின் மேல் புதிய அளவைப் பொருத்திக் கணக்கிடுவார். இல்லாவிட்டால் ஊகித்துக் கணக்கிட வேண்டியிருக்கும். கழுத்து போன்ற இடத்தில் ஊகம் ஆபத்தானது.

கேட்பது உங்கள் உரிமை. நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். அதே 2002 விதிகள் உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. நோயோ நான்காம் ஆண்டிலும் திரும்பும். அதனால் முதல் சிகிச்சை முடியும் நாளிலேயே நகல் வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

முன் அனுமதிக்கு வருகிறேன். கதிர்வீச்சுக்கான காப்பீட்டுத் தொகுப்புகள் கருவியையும் முறையையும் பொறுத்து வகுக்கப்பட்டவை. கோபால்ட் ஒரு தொகை, லீனியர் ஆக்சிலரேட்டரில் துல்லியமாகக் கொடுப்பது வேறு தொகை. மறு கதிர்வீச்சில் சுற்றியுள்ள உறுப்புகளைக் காக்க வேண்டியிருப்பதால் துல்லியமான முறைகளே தேவைப்படும். ஆகவே மருத்துவரின் குறிப்பில் நோய் திரும்பியதை உறுதிசெய்த பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவு, புதிய ஸ்கேன், பழைய அளவும் தேதியும், அறுவை ஏன் முடியாது அல்லது அறுவைக்குப் பின் ஏன் தேவை, இந்த முறையை ஏன் தேர்ந்தார்கள் ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பினால் அது மறுப்பு ஆகாது. பதில் அனுப்பினால் மறுபடி பரிசீலிப்பார்கள்.

அட்டையே இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022 இல் 1,20,000 ஆக உயர்ந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரயில் பயணத்துக்கும் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் சான்றிதழோடு கவுண்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சிலரிடம் மருத்துவர், ‘இனி கதிர்வீச்சு வேண்டாம்’ என்பார். காப்பீடு மறுத்துவிட்டது என்று அதை எண்ணிக்கொண்டு, இருக்கும் நிலத்தை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் மறுப்பதும் திட்டம் மறுப்பதும் வேறு வேறு. எது நடந்தது என்று நேராகக் கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் கோப்போடு போங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அரசு நடத்துவது. இரண்டாம் மருத்துவரும் வேண்டாம் என்றால், வலி தணிப்பும் அரசு தர வேண்டிய சிகிச்சைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த் தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துவிட்டு, செவிலியர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு வாருங்கள்.