மயக்கமா, மரப்பா? அனஸ்தீசியாவுக்குத் தமிழில் என்ன சொல்வது

என் அக்கா மகள் ஏற்காட்டில் வளர்ந்தவள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது சேலத்தில் ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜி படிக்கிறாள். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க முடியாதென்று அஸ்தம்பட்டியில் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "சின்னம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று ஆரம்பிப்பாள். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாள். முதல் நாள் கேட்டதே அனஸ்தீசியாவுக்கு. மயக்கம் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்து, இல்லை, கொஞ்சம் பொறு என்றேன்.

அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன் எங்களிடம் சொன்னது ஒரே வரி: "மயக்கம் கொடுத்துதான் செய்வோம்." அம்மாவும் தூங்கிவிடப் போகிறோம் என்று தைரியமாக உள்ளே போனார். ஆனால் உள்ளே தூக்கமே வரவில்லை. டாக்டர்கள் பேசுவது கேட்கிறது, திரைக்கு அந்தப் பக்கம் தச்சு வேலை நடப்பது போல டொக் டொக்கென்று தட்டும் சத்தம் வேறு. மருந்து பிடிக்கவில்லை, இவர்கள் தெரியாமல் அறுக்கிறார்கள் என்று பயந்து கத்தியிருக்கிறார். வலி துளியும் இல்லை. மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நம் காதில் விழுந்த சொல்தான் வேறு எதையோ சொல்லிவிட்டது.

ஏனென்றால் அனஸ்தீசியா என்ற சொல்லில் தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லாமல், 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்தல். உணர்வின்மை, அவ்வளவுதான். அதே 'ஐஸ்தேசிஸ்' வேரிலிருந்து வந்ததுதான் நாம் அழகியல் என்று மொழிபெயர்க்கும் ஏஸ்தெடிக்ஸ் என்பதும்; அழகை உணர்வது அது, உணர்வே இல்லாமல் போவது இது. இதைச் சொன்னதும் அவள் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டு வைத்துக்கொண்டாள், அப்புறம் அந்தச் சொல்லின் எழுத்து அவளுக்குப் பிசகவே இல்லை.

சொல் பழையது. 1721-இல் வந்த ஓர் ஆங்கில அகராதியிலேயே உணர்ச்சிக் குறைவு என்ற பொருளில் இருக்கிறது. ஆபரேஷனுக்கான சொல்லாக அது நிலைத்தது 1846-க்குப் பிறகு. அந்த வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு மூச்சில் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்ற அறுவை மருத்துவர் அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். வலித்ததா என்று பிறகு கேட்டதற்கு, வலி இல்லை, ஏதோ சுரண்டுவது போல இருந்தது என்றாராம் அந்த நோயாளி. கவனியுங்கள், அவருக்கே கொஞ்சம் நினைவு இருந்திருக்கிறது, போனது வலிதான். அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற பாஸ்டன் மருத்துவர், இந்த நிலைக்கு அனஸ்தீசியா என்று பெயர் வைக்கலாம் என மார்ட்டனுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 16-ஐத்தான் இன்றும் உலக மயக்கவியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி, நம் மயக்கத்துக்கு வருவோம். அது அழகான சொல், அதை நான் குறைசொல்லவே மாட்டேன். தொல்காப்பியத்தில் மயக்கம் என்றால் கலப்பு. மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவது மெய்ம்மயக்கம் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிறேன். ஐந்து பூதங்களும் கலந்த மயக்கமே உலகம் என்றும் அதில் வருகிறது. வெளிச்சமும் இருட்டும் கலக்கிற பொழுதை மாலை மயங்கும் நேரம் என்கிறோம். ஒன்றோடொன்று கலந்து பிரித்தறிய முடியாமல் போவது, அதிலிருந்து குழப்பம், அதிலிருந்து நினைவு தப்புவது என்று பொருள் நகர்ந்து வந்திருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு மயக்கம் என்றால் யாருக்கும் நினைவு தப்பிக் கிடப்பதுதான் தோன்றும். அதனால் முழு நினைவையும் இழக்க வைக்கிற ஜெனரல் அனஸ்தீசியாவுக்கு மயக்கம் கச்சிதமாகப் பொருந்தும். முழு மயக்கம் என்று சொன்னால் போதும். அதிலிருந்து மீள்வதற்கு நம்மிடம் இருக்கிற வினையைப் பாருங்கள், மயக்கம் தெளிதல். கலங்கிய தண்ணீர் தெளிவது போல. ரெக்கவரி என்ற சொல்லில் இந்தப் படம் இல்லை.

மற்ற வகைகளுக்குப் பொருத்தமான சொல்லை மக்களே வைத்திருக்கிறார்கள்: மரத்துப் போதல். சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப் போச்சு என்போம், மதமதன்னு இருக்கு என்போம். மரம் போல உணர்ச்சியற்றுப் போவது. பல் பிடுங்கும்போது ஈறில் லிக்னோகெயின் என்ற மருந்தைப் போடுவது மரப்பு ஊசி. முதுகில் போடும் ஸ்பைனலும் மரப்புதான், இடுப்புக்குக் கீழே மரப்பு. அம்மாவிடம் "இடுப்புக்குக் கீழ மரத்துடும்மா, சத்தமெல்லாம் கேக்கும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அரை மணி நேரப் பயம் இருந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கலங்குகிறது.

எபிடியூரல் என்ற சொல்லை அவள் மூன்று நாள் மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை. பிரித்துக் காட்டினேன். 'எபி' கிரேக்கத்தில் மேல். 'டூரா' லத்தீனில் கெட்டி. மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் கெட்டியான வெளியுறைக்கு டூரா மேட்டர் என்று பெயர், நேராகச் சொன்னால் கெட்டித் தாய்! அரபு மருத்துவர்கள் அந்த உறையைத் தாய் என்றதை லத்தீனில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த உறைக்கு வெளியே மருந்தை விட்டால் எபிடியூரல். உறையைத் தாண்டி உள்ளே இருக்கும் நீரில் விட்டால் ஸ்பைனல். இப்படிப் புரிந்தபின் இரண்டும் அவளுக்குக் குழம்பவில்லை.

இன்னொன்று ஆஸ்பிரேஷன். அகராதியைப் புரட்டி இலட்சியம், பெருவிருப்பம் என்று எழுதி வைத்திருந்தாள். அந்தப் பொருளும் உண்டு, ஆனால் தியேட்டரில் அது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடுவது. நாம் சாப்பிடும்போது புரையேறுகிறதே, அதன் ஆபத்தான அண்ணன். விழித்திருக்கும்போது இருமி வெளியே தள்ளிவிடுவோம், முழு மயக்கத்தில் இருமல் வராது, நுரையீரலுக்குள் போய்விடும். ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பது இதற்காகத்தான். காரணம் சொல்லாமல் வெறும் வயிற்றோடு வாங்க என்றால், பாவம் பசிக்குமே என்று பிள்ளைக்கு இரண்டு இட்லி ஊட்டிக் கூட்டி வருகிற தாய்மார்களும் உண்டு. புரையேறிவிடும் என்று சொன்னால் யாரும் ஊட்ட மாட்டார்கள்.

வேலைப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் அனஸ்தெடிஸ்ட் என்றால் டாக்டர். அமெரிக்காவில் டாக்டரை அனஸ்தீசியாலஜிஸ்ட் என்பார்கள், அங்கே நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்று செவிலியர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் டாக்டருக்கே இரண்டு பெயரும் ஓடுகிறது. தமிழில் மயக்கவியல் மருத்துவர், துறைக்கு மயக்கவியல். அரசு மருத்துவமனைகளில் இது பழகிவிட்டதால் மாற்றச் சொல்ல மாட்டேன். அனஸ்தீசியா என்ற பொதுச் சொல்லுக்கு மட்டும் உணர்வகற்றல் என்று எழுதுங்கள். அதற்குள் முழு மயக்கமும் அடங்கும், மரப்பும் அடங்கும். என் அக்கா மகளின் வேலைக்கு மயக்கவியல் தொழில்நுட்பர் என்று எழுதிக் கொடுத்தேன். நீளம்தான், ஆனாலும் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

எழுதும்போது ஒன்று. மறத்துப் போனது என்று வல்லின றகரம் போட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது தவறு. மரத்துக்கு வரும் அதே இடையின ரகரம்தான்.