கிராஃபீன் டாலரும் 1.1 டிகிரியும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓர் அக்கா, கைப்பையிலிருந்து கழுத்தில் தொங்கவிடும் ஒரு கறுப்பு டாலரை எடுத்து மேசையில் வைத்தார். "380 வெள்ளி கொடுத்து வாங்கினேன் தம்பி. முறுக்கின கிராஃபீனாம். உள்ளே கரண்ட் தடையே இல்லாம ஓடுமாம், முட்டிவலி போயிடுமாம். பார்த்துச் சொல்லுங்க."

பினாங்கின் பாயான் லெப்பாஸில் பழுதான சிப்புகளைப் பிரித்துப் பார்ப்பது என் பிழைப்பு. முதுகலை படித்தபோது ஒரு வருடம் கிராஃபீன் அடுக்கிக் கண் வலித்தவன். எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். கிராஃபீன் என்பது கரி அணுக்கள் வலைபோலப் பின்னிய தாள். 2018-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஹரியோ-எரெரோ குழு, ஓர் அணு தடிமனுள்ள இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 டிகிரி திருப்பி அடுக்கியது. 2011-இலேயே பிஸ்ட்ரிட்சர், மெக்டொனால்டு என்ற இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன கோணம். மின்தடை மறைந்தது நிஜம். எந்தக் குளிரில்? 1.7 கெல்வினில், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. உங்கள் கழுத்து அந்தக் குளிரிலா இருக்கிறது?

இரண்டு கொசுவலையை ஒன்றின்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்புங்கள். பெரிய பெரிய கட்டங்களாக ஒரு கோலம் தெரியும். கிராஃபீனில் அந்தக் கட்டம் சுமார் 13 நானோமீட்டர். அதில் எலெக்ட்ரான்களின் வேகம் செத்துவிடும், ஒன்றையொன்று தள்ளும் விசை ஓங்கிவிடும். எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை ஓர் அளவில் இருந்தால் மின்சாரமே கடத்தாது, கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் தடையின்றி ஓடும். இதெல்லாம் எலெக்ட்ரான்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு. இரத்த ஓட்டத்துக்கும் முட்டிக்கும் அதில் வேலையே இல்லை! கால் டிகிரி பிசகினாலே பெரும்பாலும் எல்லாம் போச்சு. சூடுபட்டால் தாள் தானாகத் திரும்பிக்கொள்ளும். என் மாதிரிகள் தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. வார்த்தெடுத்த டாலருக்குள் கோணம் பிடித்துவைத்த புண்ணியவான் யார்?

மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் காந்தம் உள்ள எதையும் நெஞ்சருகே தொங்கவிடாதீர்கள். "நெகட்டிவ் அயன்" (எதிர்மின் அயனி) என்று எழுதியிருந்தால் கழற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, இந்த மாதிரி டாலர், காப்பு என்று பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. பிள்ளைகள் கழுத்தில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள்.

ரசீது கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவுதான் இருந்தது. "அழிச்சிடாதீங்க அக்கா, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனா அது வேணும்" என்றேன்.

டாலரை மறுபடி கைப்பையில் போட்டார். "மருமகளுக்கும் ஒண்ணு வாங்கிட்டேனே தம்பி."